புலியின் வரிகளும் ஆளில்லாக் கேமராவும்

காட்டுயிர்ப் படம் என்றதும், மறைவிடத்தில் மணிக்கணக்காகக் காத்திருந்து, விலங்கு திரும்பிப் பார்க்கும் நொடியில் பொத்தானை அழுத்தும் ஒரு மனிதரையே பலரும் மனத்தில் காண்கிறார்கள். ஆனால் இந்திய வனத்துறைகளின் கோப்புகளில் இன்று சேர்ந்திருக்கும் புலிப் படங்களில் மிகப் பெரும்பாலானவை, கேமராவுக்குப் பின்னால் எவருமே இல்லாத நேரத்தில், புலி தன் நடையாலேயே எடுத்துக்கொண்டவை. பாதையோர மரத்தில் கட்டப்பட்ட சிறு பெட்டி, எதிரே கடந்துசெல்லும் உடலின் வெப்பத்தை உணர்ந்து தானே இயங்குகிறது. தானியங்கி கேமரா என்று செய்தித்தாள்கள் குறிப்பிடும் இந்தக் கருவி பதிவு செய்யும் கணத்தில் பார்ப்பவர் ஒருவரும் இல்லையென்றால், நிழற்படக் கலையின் உயிர் என்று கருதப்படும் உற்றுநோக்கல் என்னவாயிற்று என்ற கேள்வி எழுகிறது. அது படம் விழும் நொடியிலிருந்து விலகி, அதற்கு முந்தைய நாள்களுக்கும் பிந்தைய நாள்களுக்கும் இடம்பெயர்ந்திருக்கிறது என்பதை இக்கருவியின் வரலாறு காட்டுகிறது.

அந்த வரலாறு புலியே இல்லாத நாட்டில் தொடங்குகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், சுபீரியர் ஏரிக்குத் தெற்கே உள்ள காடுகளில் வாழ்ந்த ஓஜிப்வே மக்கள், இரவில் மான் வேட்டையாட ஒரு முறையைக் கையாண்டனர். படகின் முனையில் இரும்புச் சட்டியில் தீ வளர்த்து, துடுப்பு ஓசை எழாமல் கரையோரமாகச் செல்வார்கள். நீர் குடிக்க வந்த மான் அந்த வெளிச்சத்தைக் கண்டு திகைத்து நிற்கும். இருட்டில் ஒளிரும் அதன் கண்களே குறிவைக்க வழிகாட்டும். பென்சில்வேனியாவைச் சேர்ந்த வழக்கறிஞரும், சில காலம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை உறுப்பினராக இருந்தவருமான மூன்றாம் ஜார்ஜ் ஷைராஸ் (1859–1942), இம்முறையைக் கற்று வேட்டையாடியவர். பின்னர் அவர் படகையும் இருட்டையும் வெளிச்சத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, துப்பாக்கி இருந்த இடத்தில் கேமராவை வைத்தார்.

இரவில் படமெடுக்கத் தீச்சட்டி வெளிச்சம் போதாது. 1887இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தே, யோஹன்னஸ் கேடிக்கே ஆகிய இருவர், மெக்னீசியத் தூளுடன் பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து, பற்றவைத்ததும் கண்ணைப் பறிக்கும் வெண்ணொளியுடன் எரியும் ஃபிளாஷ் தூளை உருவாக்கியிருந்தனர். வெடிச்சத்தமும் புகையும் எழுப்பி, கையாள்பவரின் முகத்தையே சுட்டுவிடக்கூடிய பொருள் அது. ஆயினும் காட்டின் இரவை ஒரு கண்ணாடித் தகட்டில் பதியவைக்க வேறு வழி இருக்கவில்லை. ஷைராஸ் படகிலிருந்து எடுத்ததோடு நிற்காமல், விலங்கு நடக்கும் தடத்தின் குறுக்கே கம்பி கட்டி, அதை விலங்கு தட்டியதும் தூளும் ஷட்டரும் ஒருசேர இயங்கும்படியும் அமைத்தார். அவருடைய இரவுப் படங்கள் 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றன. 1906 ஜூலை மாத ‘நேஷனல் ஜியாகிரபிக்’ இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டபோது, ஆய்விதழ் படப்புத்தகமாகிவிட்டது என்று சினந்து நிர்வாகக் குழுவினர் இருவர் பதவி விலகினர் என்று அவ்விதழின் வரலாறு கூறுகிறது. பதக்கமும் புகழும் ஷைராஸுக்குச் சேர்ந்தன. வெளிச்சத்தின் முன் மான் எப்படி நிற்கும் என்பதைத் தலைமுறைகளாகக் கவனித்து அறிந்திருந்த ஓஜிப்வே மக்களைப் பற்றி நிழற்பட வரலாறுகள் ஓரிரு வரிகளோடு நகர்ந்துவிடுகின்றன.

கம்பி தட்டும் இம்முறையைப் புலிக்குப் பயன்படுத்தி வெற்றி கண்டவர் எஃப். டபிள்யூ. சாம்பியன் (1893–1970). 1913இல் இந்தியா வந்து, முதலில் காவல்துறையிலும் முதல் உலகப் போரின்போது ராணுவத்திலும் பணியாற்றி, போருக்குப் பின் ஐக்கிய மாகாணத்தின், அதாவது இன்றைய உத்தரப்பிரதேசமும் உத்தராகண்டும் சேர்ந்த நிலப்பரப்பின், வனத்துறையில் அதிகாரியானவர். பரண் மேல் அமர்ந்து புலியைச் சுடுவது வெள்ளை அதிகாரிகளுக்கும் மன்னர்களுக்கும் தகுதிச் சின்னமாக இருந்த காலத்தில், இமயமலை அடிவாரத்திலும் சிவாலிக் குன்றுகளிலும் இருந்த அவருடைய வனச்சரகங்களில் சாம்பியன் துப்பாக்கியை ஒதுக்கிவிட்டுக் கேமராக்களோடு திரிந்தார்.

அவருடைய ஏற்பாடு இன்றைய கருவியோடு ஒப்பிட்டால் மிகவும் கடினமானது. ஃபிளாஷ் தூள் ஒருமுறை எரிந்துவிட்டால், மறுபடி நிரப்பித் தகட்டை மாற்றும்வரை அந்தக் கேமராவுக்கு அன்றைய இரவு முடிந்துவிடும். புலிக்கு முன்னால் ஒரு மானோ முள்ளம்பன்றியோ கம்பியைத் தட்டிவிட்டால் காத்திருந்தது வீண். ஆகவே கம்பியை எங்கே, எந்த உயரத்தில், எந்த அந்திப்பொழுதில் கட்டுவது என்ற முடிவிலேயே அவருடைய கலை முழுவதும் அடங்கியிருந்தது. புலி முள்ளும் சருகும் நிறைந்த புதருக்குள் தேவையின்றி நுழைவதில்லை. மணல் படிந்த ஓடைப் படுகையும் காட்டுச் சாலையுமே அதன் உள்ளங்கால்களுக்கு உகந்தவை. எந்தத் திருப்பத்தில் அது தடம் மாறுகிறது, எத்தனை நாள் இடைவெளியில் அதே வழியில் திரும்பி வருகிறது என்பதையெல்லாம் மண்ணில் பதிந்த அடிகளிலிருந்து படித்தறிந்த பிறகே கம்பி கட்டப்பட்டது. படம் விழுந்த நொடியில் சாம்பியன் தன் முகாமில் உறங்கிக்கொண்டிருந்திருக்கலாம். ஆயினும் அந்தப் படத்தை எடுத்தவர் அவரே என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. 1925 அக்டோபர் 3ஆம் நாளிட்ட ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ இதழ் அப்படங்களைத் தன் முதல் பக்கத்திலேயே வெளியிட்டது. 1927இல் ‘வித் எ கேமரா இன் டைகர்-லேண்ட்’ என்ற அவருடைய நூல் வந்தது. வேட்டைக்காரராகப் பெயர் பெற்றிருந்த ஜிம் கார்பெட்டைக் கேமராவின் பக்கம் திருப்பியதில் சாம்பியனுக்குப் பெரும் பங்கு உண்டு.

படங்கள் சேரச் சேர, ஒரே ஒரு படத்தை வைத்திருப்பவர் காண முடியாத ஒன்றைச் சாம்பியன் கண்டார். எந்த இரு புலிகளின் வரிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே படங்களை அருகருகே வைத்து ஒப்பிட்டால், வெவ்வேறு இரவுகளில் வந்தது ஒரே புலியா, வேறு புலியா என்று சொல்லிவிடலாம். மனிதரின் கைரேகையைப் போன்ற இவ்வடையாளத்தில் ஒரு சிக்கலும் உண்டு: ஒரே புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் வேறுபடும் என்பதால், ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தவர் மறுபக்கத்தைப் புதிய புலி என்று எண்ணி ஏமாறக்கூடும். வேட்டைப் படங்களில் இறந்துகிடந்த புலிகள் யாவும் ‘புலி’ என்ற பொதுப்பெயருக்குள் அடங்கின. உயிரோடு நடந்த புலிகளோ, இந்த ஒப்பீட்டினால் தனித்தனி உயிர்களாயின. காட்டுயிர் நிழற்படத்தின் மிகப் பெரிய கொடை இதுவே என்று சொன்னால் மிகையாகாது. அழகான படங்கள் அதற்கு அடுத்த நிலையில்தான் வரும்.

இதற்கு நேர் எதிரான வழியில் சென்றவர்களும் உண்டு. அ. மாதவையாவின் மகனும் இயற்கையியல் எழுத்தாளருமான மா. கிருஷ்ணன் (1912–1996), பழக்கப்பட்ட யானையின் முதுகில் அமர்ந்தோ நடந்தோ விலங்குகளைப் பகலொளியில் நேரே கண்டு, கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். அவருடைய படத்தில் விலங்கும் மனிதரும் ஒருவர் மற்றவரின் இருப்பை உணர்ந்திருக்கிறார்கள். அந்தச் சந்திப்பைத் தானியங்கி கேமராவால் ஒருபோதும் தர முடியாது. ஆனால் சந்திப்புகளைக் கொண்டு ஒரு காட்டில் எத்தனை புலிகள் உள்ளன என்று கணக்கிடவும் முடியாது.

கணக்கிடும் தேவையே சாம்பியனின் கண்டறிதலை மீண்டும் வெளிக்கொணர்ந்தது. 1960களில் எஸ். ஆர். சௌத்ரி வகுத்த காலடித்தட முறையே இந்தியாவின் புலிக் கணக்கெடுப்புக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. மண்ணில் பதிந்த தடத்தைக் கண்ணாடி மேல் வரைந்தும், சுண்ணச் சாந்து ஊற்றி அச்செடுத்தும், பார்த்தே இன்ன புலி என்று பிரித்தறியும் முறை அது. ஈர மண்ணில் ஒரு விதமாகவும் புழுதியில் வேறு விதமாகவும் பதியும் தடத்தைக் கொண்டு ஒவ்வொரு புலியையும் பிரித்துவிடலாம் என்ற நம்பிக்கை, அளவுக்கு மீறியது என்றே சொல்ல வேண்டும். 2005இன் தொடக்கத்தில், ஏட்டளவில் புலிகள் வாழ்ந்துகொண்டிருந்த ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலிகூட எஞ்சவில்லை என்பது வெளிப்பட்டபோது அம்முறையின் மதிப்பு சரிந்தது.

மாற்றுமுறை அதற்கு முன்பே கர்நாடகத்தின் நாகரஹொளெயில் உருவாகியிருந்தது. உல்லாஸ் காரந்த் 1995இல் வெளியிட்ட ஆய்வு, தானியங்கிப் படங்களோடு ‘பிடித்து விடுவித்து மீண்டும் பிடித்தல்’ என்ற புள்ளியியல் முறையை இணைத்தது. மீன்களையும் பறவைகளையும் எண்ணப் பயன்பட்ட இம்முறையின் அடிப்படை எளியது. முதல் சுற்றில் 20 புலிகள் படமாகி, இரண்டாம் சுற்றில் படமான 20 புலிகளில் 10 முன்பே பதிவானவை என்றால், ஒவ்வொரு சுற்றிலும் காட்டின் பாதிப் புலிகளே சிக்குகின்றன என்று கொண்டு, மொத்தம் 40 என மதிப்பிடலாம். உண்மைக் கணக்கு இதைவிடப் பல மடங்கு சிக்கலானதுதான்; எனினும் படமாகாத புலிகளைப் பற்றியும் படமானவற்றிலிருந்தே சொல்ல முடிவது இம்முறையின் சிறப்பு. பிடிப்பதற்கு வலையோ மயக்க ஊசியோ தேவையில்லை. வரிகள் பதிந்த ஒரு படமே பிடிப்பு.

இதற்காகவே பாதையின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு கேமராக்கள், புலியின் விலாப்புறம் தெளிவாக விழும் உயரத்தில் கட்டப்படுகின்றன. எந்தப் பாதையில் கட்டுவது என்பதை வரைபடம் ஓரளவுக்கே சொல்லும். முதுமலை போன்ற காடுகளில், குறும்பர், இருளர் முதலிய பழங்குடிகளைச் சேர்ந்த வேட்டைத் தடுப்புக் காவலர்களே நகக்கீறல் உள்ள மரத்தையும், புலி சிறுநீர் தெளித்து எல்லை குறித்த புதரையும், எச்சம் கிடக்கும் திருப்பத்தையும் அறிந்தவர்கள். பெட்டியைப் பதினைந்து அடி தள்ளிக் கட்டினால் வாரக்கணக்கில் காற்றிலாடும் புல்லும் புள்ளிமானும் மட்டுமே பதிவாகும். படத்துக்கு முந்தைய உற்றுநோக்கல் என்று சொல்லத்தக்கது இவர்களுடைய கண்ணிலேயே இருக்கிறது. சாம்பியனின் நூலில் சாம்பியனின் பெயராவது இருந்தது, இவர்களுடைய பெயர்களோ கணக்கெடுப்பு அறிக்கையின் மதிப்பீடுகளுக்கு அருகில் வருவதில்லை.

பிந்தைய உற்றுநோக்கல் கணினித் திரையில் நடக்கிறது. 2018–19ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டு, 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் பதிவாயின. அவற்றில் புலி இருந்தவை 76,651. அவற்றிலிருந்து பிரித்தறியப்பட்ட தனிப் புலிகள், குட்டிகள் நீங்கலாக, 2,461. நாட்டின் மொத்த மதிப்பீடு 2,967. வளைந்தும் திரும்பியும் நடக்கும் உடலின் வரிகளை முப்பரிமாண வடிவத்தின் மேல் பொருத்தி, முந்தைய படங்களோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகக்கூடியவற்றை மென்பொருள் வரிசைப்படுத்தித் தருகிறது. இரண்டும் ஒரே புலிதான் என்று இறுதியில் உறுதி சொல்வது மனிதக் கண். உயிருள்ள புலியின் படத்தோடு கைப்பற்றப்பட்ட தோலை ஒப்பிட்டு, அது எந்தக் காட்டில் கொல்லப்பட்டது என்று தேடவும் இதே முறை உதவும் என்பதை 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

தமிழ்நாட்டில் இந்த அடையாளத்தின் எடை 2021இல் தெரிந்தது. நீலகிரியின் கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி, வனத்துறையின் பதிவில் டி23 என்ற குறியீட்டால் அறியப்பட்டது. அதைச் சுட்டுப் பிடிக்கும் உத்தரவு வந்தபோது, உடனே கொல்ல வேண்டாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் அறிவுறுத்தியது. அதே காட்டில் வேறு புலிகளும் உலவுகையில், தேடப்படுவது எது என்பதைப் பிரித்துக் காட்ட, கேமராக்களில் பதிவான வரிகள் தவிர வேறு நம்பகமான சான்று இருக்கவில்லை. அக்டோபர் 15ஆம் நாள் மயக்க ஊசி செலுத்தி அப்புலி உயிரோடு பிடிக்கப்பட்டு, மைசூருக்குக் கொண்டு செல்லப்பட்டது. ‘புலி’ என்பது பொதுப்பெயராக மட்டும் இருந்த காலத்தில், குற்றம் சாட்டப்பட்ட புலிக்குப் பதிலாக வழியில் வந்த ஏதோவொரு புலி விழுந்திருக்கக்கூடும்.

ஆனால் வெப்பத்தை உணரும் கருவிக்குப் புலியின் உடலும் மனித உடலும் ஒன்றே. விறகும் புல்லும் சேகரிக்கச் செல்லும் பெண்கள், ஆடு மேய்ப்பவர்கள், காட்டைக் கடந்து வீடு திரும்புபவர்கள் என எல்லோரும் அதே பெட்டிகளில் பதிவாகிறார்கள். சாம்பியன் தன் கம்பிகளைக் கட்டித் திரிந்த அதே இமயமலை அடிவாரத்தில், இன்றைய கார்பெட் புலிகள் காப்பகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நடந்து 2024இல் வெளியான ஓர் ஆய்வு, கேமராக்கள் தங்களைக் கவனிக்கின்றன என்று அறிந்த பெண்கள் காட்டுக்குள் முன்போல் உரக்கப் பேசுவதும் பாடுவதும் குறைந்துவிட்டது என்று பதிவு செய்தது. அந்தப் பேச்சும் பாட்டும் புலியையும் யானையையும் எச்சரித்து விலகச் செய்யும் பாதுகாப்பாக இருந்தவை. புலிகளை எண்ண வைத்த பெட்டியில் விழும் மனிதப் படங்களை யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், யாரிடம் இசைவு பெற வேண்டும் என்பதற்கு, வரிகளை ஒப்பிடுவதற்கு இருக்கும் அளவுக்குத் தெளிவான நெறிமுறைகள் காப்பகங்களில் இன்னும் வேரூன்றவில்லை.