மூடிய கதவும் செதுக்கிய உளியும்

இரண்டு திங்களுக்கு முன்னர் ஒரு மாலை. நம் அலுவலகத்துப் படியேறி வந்தார் ஒரு தோழர். அச்சுக்கூடத்திலே முப்பதாண்டுக் காலம் முதுகு வளைந்தவர். ஈய எழுத்தைப் பொறுக்கிக் கோக்கும் தொழிலுக்குச் சிறுவனாக வந்தவர். ஈயம் போய் ஆப்செட் வந்ததும் எந்திரத்தின் பக்கம் நகர்ந்தவர். கூட்டம் என்றால் கொடிக்கம்பம் சுமப்பார். தேர்தல் என்றால் சுவரொட்டிக்குத் தூக்கம் துறப்பார். அன்று கையிலே ஒரு தாள்கட்டு. பின்னாலே அவர் மகள்.

"தம்பி, நீங்களே கேளுங்க இவளை! அச்சடிக்கிறதுக்கு மேல்படிப்பாம். நான் எந்தக் கல்லூரியிலே படிச்சு அச்சடிச்சேன்?"

மகள் சிரித்தாள். "அப்பா அடிக்கிறது பத்தாயிரம் படி, சித்தப்பா. நான் அடிக்கிறது பத்தே பத்து" என்றாள்.

பத்துப் படிக்கு ஒரு பட்டமா என்று நமக்கும் நகைக்கத்தான் தோன்றியது. நகைக்கவில்லை. கேட்டோம். கேட்டதைத் தோழர்களுக்கும் சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில் நாளை உங்கள் வீட்டுப் பிள்ளையும் இதே தாள்கட்டோடு வந்து நிற்கலாம்.

மரப்பலகையிலே செதுக்குவது ஒரு முறை. தரையில் ஒட்டும் லினோலியத் துண்டிலே உளியால் கிழிப்பது இன்னொரு முறை. செம்புத் தகட்டிலே கோடு கீறி, அமிலத்தால் அரிக்க விட்டு, அந்தப் பள்ளத்திலே மையை நிரப்பி எடுப்பது மற்றொன்று. கல்லிலே கொழுப்புக் கரியால் வரைந்து, எண்ணெயும் நீரும் ஒட்டாத பகையைக் கொண்டு படம் எடுப்பது கல்லச்சு. நம் தோழர் ஓட்டும் ஆப்செட் எந்திரம் இருக்கிறதே, அது அந்தக் கல்லச்சின் பேரப்பிள்ளை! ஓவியரே செதுக்குகிறார், ஓவியரே மை தடவுகிறார், ஓவியரே தாளை அழுத்தி எடுக்கிறார். எடுத்த படியின் அடியிலே பென்சிலால் 3/10 என்று குறிக்கிறார். பத்தில் மூன்றாவது என்று பொருள். வேறொரு ஓவியத்தின் நகல் அன்று இது, பத்தும் மூலமே. வண்ண ஓவியம் ஒன்றே ஒன்றுதான், அது சீமான் வீட்டுக் கூடத்திலே போய்த் தொங்கும். அச்சுப்படமோ பத்துச் சுவருக்குப் போகும். அதிலே ஒரு சுவர் நம் சுவராகவும் இருக்கலாம் அல்லவா?

இதைத்தான் சாந்திநிகேதனிலே கற்பிக்கிறார்கள், பரோடாவிலே கற்பிக்கிறார்கள். சாந்திநிகேதனில் இத்துறைக்குத் தலைவராக இருந்த சோம்நாத் ஹோர், வங்கத்துக் குத்தகை உழவர்கள் விளைச்சலில் மூன்றில் இரு பங்கு கேட்டுக் கிளர்ந்த தெபாகா போராட்டத்தை, 1946ஆம் ஆண்டிலே வயலோரம் நின்று வரைந்தவர். வரைந்ததை மரத்திலே செதுக்கியவர். ஆக, இது மாளிகைக் கலையல்ல என்பதற்குத் தொலைவிலே சான்று தேட வேண்டியதில்லை.

சரி, விண்ணப்பம் என்ன கேட்கிறது? தன் படைப்புகளில் பத்துப் பதினைந்து, சில இடங்களில் இருபது படங்கள். முன்பு படித்த மதிப்பெண் பட்டியல். ஆசிரியர்கள் இருவர் மூவரிடம் பரிந்துரை மடல். கட்டணம். பிறகு ஒரு பக்கம், "நீ யார், ஏன் இதைப் படிக்க விழைகிறாய்" என்று எழுதித் தரவேண்டும். படங்கள் ஆயத்தம். மதிப்பெண் ஆயத்தம். பரிந்துரையும் வந்துவிட்டது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் நாம் படித்துப் பார்த்துத் திருத்தித் தரவேண்டும் என்பதற்காகத்தான் தந்தையும் மகளும் வந்திருந்தார்கள்.

படித்தோம். ஐரோப்பிய ஓவியர் பெயர்கள் எட்டு. புரியாத சொற்கள் எண்பது. அச்சுக்கூடம் என்ற சொல் ஒன்றுகூட இல்லை. தந்தை இல்லை, தெரு இல்லை, மை நாற்றம் இல்லை.

"ஏனம்மா, அப்பாவைப் பற்றி ஒரு வரி எழுதக்கூடாதா?" என்றோம்.

"கூலிக்கு அச்சடிக்கிறவர் மகள்னு எழுதினா எடுப்பாங்களா, சித்தப்பா?" என்றாள்.

தோழர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பெண்ணைக் கடிந்துகொள்ள நமக்கு நா எழவில்லை. கதவைத் தட்டுகிறவளுக்குத்தானே தெரியும் கதவின் குணம்! ஆகவே அறிவுரை சொல்லவில்லை. இன்னொரு விண்ணப்பத்தின் கதையைச் சொன்னோம்.

அமெரிக்க நாட்டின் தலைநகர் வாஷிங்டனில் 1915ஆம் ஆண்டு பிறந்தவர் எலிசபெத் கேட்லெட். அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்றவர்களின் பேத்தி. தந்தை கணக்காசிரியர், மகள் முகம் காணுமுன்னரே மறைந்தார். தாய் உழைத்து வளர்த்தார். பள்ளி முடிந்ததும் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னிகி தொழில்நுட்பக் கழகத்துக்கு விண்ணப்பித்தார் அப்பெண். தேர்விலே திறமை தெரிந்தது, தேர்ந்தெடுத்தார்கள். பிறகு தோல் தெரிந்தது, தள்ளிவிட்டார்கள்! கை எப்படி வரைகிறது என்பது கணக்கில் வரவில்லை. அந்தக் கையின் நிறம் என்ன என்பதுதான் கணக்கில் வந்தது. இது நடந்தது 1930களின் தொடக்கத்திலே.

ஊர் திரும்பினார். கறுப்பின மக்களுக்கென்று அமைந்த ஹோவர்டு பல்கலைக்கழகத்திலே சேர்ந்து, 1935இல் சிறப்போடு தேறினார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்களிலே ஜேம்ஸ் வெல்ஸ் என்பவர் அச்சுக்கலையிலே வல்லவர். பட்டம் பெற்றதும் வட கரோலைனாவில் டர்ஹாம் நகரத்துப் பள்ளியிலே ஆசிரியை வேலை. அங்கே என்ன நிலை? வெள்ளை ஆசிரியருக்கு ஒரு சம்பளம், கறுப்பு ஆசிரியருக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். பாடம் ஒன்று, மணி ஒன்று, கூலி மட்டும் இரண்டு! சம ஊதியம் கேட்டு நடந்த கிளர்ச்சியிலே அந்த இளம் ஆசிரியையும் நின்றார். வழக்கறிஞர் தர்குட் மார்ஷலும் நின்றார். பின்னாளிலே, 1967இல், அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனாரே, அவரேதான். கிளர்ச்சி அன்று வெல்லவில்லை. வேலையை விட்டார். மீண்டும் ஒரு விண்ணப்பம் எழுதினார்.

இம்முறை அயோவா பல்கலைக்கழகத்துக்கு, மேற்படிப்புக்கு. அயோவா என்பது சோளம் விளையும் உழவர் நாடு. ஆனால் அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் 1922ஆம் ஆண்டிலேயே ஒரு துணிவு காட்டியது: மேற்பட்டத்துக்கு நூலகத்து ஆய்வேடுதான் வேண்டும் என்பதில்லை, ஓவியமோ சிற்பமோ இசையோ படைத்துத் தந்தாலும் ஏற்போம் என்று அறிவித்தது. உழவர்களை ஓவியமாக்கிப் புகழ்பெற்ற கிராண்ட் வுட் அங்கே ஆசிரியர்.

சேர்த்துக்கொண்டார்கள். வகுப்பிலே இடம் கிடைத்தது, விடுதியிலே கிடைக்கவில்லை. கறுப்பின மாணவருக்கு விடுதி இல்லை என்பது அன்றைய வழக்கம்! படிக்க வா, படுக்க வராதே! ஊருக்குள்ளே வேறு இடம் பார்த்துத் தங்கிக்கொண்டு படித்தார்.

கிராண்ட் வுட் சொன்ன யோசனை ஒன்றுதான்: உனக்கு நன்றாகத் தெரிந்ததை எடுத்துச் செய். அவருக்கு நன்றாகத் தெரிந்தது எது? கணவனை இழந்து பிள்ளை வளர்த்த தாய். சுண்ணக்கல்லிலே செதுக்கினார் ஒரு கறுப்பினத் தாயையும் சேயையும். அதுவே பட்டத்துக்குரிய படைப்பு. 1940இல் சிற்பத்துறையில் நுண்கலை முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கே அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அதே ஆண்டு சிகாகோவில் நடந்த கறுப்பின மக்கள் பொருட்காட்சியிலே, சிற்பத்துக்கு முதற்பரிசு அந்தத் தாய்க்கும் சேய்க்கும்தான்.

"அவங்க படிச்சது சிற்பம்தானே, சித்தப்பா? என் துறை அச்சு" என்று குறுக்கிட்டாள் நம் பெண். நல்ல கேள்வி. அதற்குத்தான் வருகிறோம் என்றோம்.

ஹார்லெம் பகுதியிலே உழைக்கும் மக்களுக்கென்று ஒரு மாலைப் பள்ளி. பகலெல்லாம் பிறர் வீட்டிலே பாத்திரம் துலக்கியவர்கள், துணி வெளுத்தவர்கள், மாலையிலே வந்து படித்தார்கள். முதுகலைப் பட்டம் பெற்ற கேட்லெட் அங்கே கற்பித்தவற்றிலே ஒன்று தையல்! அந்தப் பெண்களுக்கு இருந்த கலைப்பசியைக் கண்டார். இவர்களுக்கு எட்டாத கலை எதற்கு என்று நினைத்தார். இன்னொரு விண்ணப்பம் போட்டார், ரோசன்வால்ட் நிதியத்துக்கு. கறுப்பினப் பெண்களைப் பற்றி ஒரு தொடர் செய்கிறேன், உதவுங்கள் என்று. உதவித்தொகை கிடைத்தது. முதலாண்டில் பள்ளி வேலை நேரத்தைத் தின்றது, தொடர் முடியவில்லை. மறு ஆண்டுக்கும் உதவி நீண்டது. 1946இல் மெக்சிகோ சென்றார்.

மெக்சிகோவிலே 1937இல் தொடங்கிய மக்கள் அச்சுப் பட்டறை ஒன்று இருந்தது. தொழிற்சங்கத்துக்குச் சுவரொட்டி வேண்டுமா, எழுத்தறிவு இயக்கத்துக்குத் துண்டறிக்கை வேண்டுமா, அங்கே போவார்கள். ஓவியர்கள் கூடி உட்கார்ந்து லினோலியத்திலே செதுக்கித் தருவார்கள். லினோலியம் மலிவு, தாள் மலிவு, எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். அங்கே உட்கார்ந்து 1947க்குள் பதினைந்து சிறு படங்கள் செதுக்கி முடித்தார் கேட்லெட். வீட்டு வேலைக்காரி, வயல் கூலி, சங்கம் சேர்க்கும் பெண், பேருந்திலே தனியிருக்கையில் ஒதுக்கப்பட்ட பெண், அடிமைகளை மீட்ட ஹாரியட் டப்மன், படிக்கப் புறப்பட்ட பெண். ஒவ்வொரு படத்துக்கும் பெயர், அந்தப் பெண்ணே பேசுவதுபோல, "நான்" என்ற நிலையிலே நின்று! 1952இல் அவர் செதுக்கிய குத்தகை உழவுப் பெண்ணைப் பாருங்கள்: அகன்ற வைக்கோல் தொப்பி, சட்டையை மூட ஒரு ஊக்கு, பொத்தான் இல்லை. அந்த ஊக்கைச் செதுக்க ஏட்டறிவு மட்டும் போதாது, தோழர்களே!

அங்கேயே மணந்து, அங்கேயே வாழ்ந்து, 1950களின் இறுதியில் தொடர்வண்டித் தொழிலாளர் போராட்டத்தின்போது சிறையும் கண்டார். 1962இல் மெக்சிகோ குடியுரிமை பெற்றார். உடனே பிறந்த நாடு அவரை வேண்டாதவர் பட்டியலிலே சேர்த்தது. 1971இல் ஹார்லெமில் தம் படைப்புகளின் காட்சிக்கு வருவதற்கே மடல்மேல் மடல் எழுதி வாதாட வேண்டியிருந்தது.

இதற்கிடையில் அயோவாவில் என்ன ஆயிற்று? 1945இல் அர்ஜெண்டினாவிலிருந்து வந்த மவுரிசியோ லசான்ஸ்கி அங்கே அச்சுக்கலைப் பட்டறை அமைத்தார். அவரிடம் பயின்றவர்கள் பல பல்கலைக்கழகங்களுக்குச் சென்று துறைகள் தொடங்கினர். அச்சுக்கலைக்கு மேற்பட்டம் என்று இன்று அமெரிக்காவிலே பரவி நிற்பதற்கு அந்தச் சோளக்காட்டுப் பட்டறை பெரிய காரணம். கல்லும் உளியும் படைத்ததைப் பட்டத்துக்கு ஏற்ற இடம், அச்சுக்கும் அப்படியே இடம் தந்தது.

கார்னிகி? 2008ஆம் ஆண்டு, தொண்ணூற்று மூன்று வயதுக் கிழவிக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது! விரட்டிய கதவு வளைந்து கும்பிட்டது, எழுபது ஆண்டுக்கு மேல் கழித்து. 2012இல் கேட்லெட் மறைந்தார். 2017இல் அயோவா பல்கலைக்கழகம் ஒரு மாணவர் விடுதியைத் திறந்தது. பெயர் என்ன தெரியுமா? கேட்லெட் விடுதி!

கதை இவ்வளவுதான் என்றோம். தோழர் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெண் தன் ஒரு பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எழுதித் தருகிறேன் என்று நாம் சொல்லவுமில்லை, எழுதித் தாருங்கள் என்று அவள் கேட்கவுமில்லை.

நம் கதையால் கல்லூரி அவளைச் சேர்த்துக்கொள்ளும் என்று உறுதி கூற நாம் ஆரூடக்காரர் அல்லர். கேட்லெட்டுக்கே முதல் கதவு மூடப்பட்டது. உள்ளதை எழுதினால் உள்ளே விடுவார்கள் என்று சொல்வது ஏமாற்று. ஆனால் அந்த எட்டு ஐரோப்பியப் பெயரை வேறு எவரும் எழுதிவிடலாம். எழுத்துப் பெட்டியின் எந்த அறையிலே எந்த எழுத்து என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் கையை, பிறந்தது முதல் பார்த்தவள் அந்தக் கல்லூரி வாசலிலே எத்தனை பேர் நிற்பார்கள்?

பத்து நாள் கழித்துத் தோழர் மட்டும் வந்தார். முகத்திலே ஒரு பெருமை, மறைக்கத் தெரியாத பெருமை. மகள் புதிதாக ஒரு லினோலியம் செதுக்கினாளாம். தந்தையின் கை, கையிலே எழுத்துக் கோக்கும் பலகை, அதிலே ஒரு வரி எழுத்து. இரவெல்லாம் செதுக்கிவிட்டுக் காலையிலே காட்டியிருக்கிறாள்.

"பார்த்தேன் தம்பி. எழுத்தை நேரா செதுக்கி வச்சிருக்கா! அடிச்சா கண்ணாடியிலே பார்க்கிற மாதிரி திரும்பித்தானே விழும்? மாத்தும்மான்னேன். 'ஐயோ அப்பா'ன்னு தலையிலே கைய வச்சுக்கிட்டா. நான்தான் உக்காந்து தலைகீழா எழுதிக் கொடுத்தேன், முப்பது வருசமா அப்படித்தானே படிச்சேன்!"

கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக விண்ணப்பம் போய்விட்டது. புதிதாக எழுதிய ஒரு பக்கத்தை நமக்குக் காட்டவில்லை. தந்தைக்குப் படித்துக் காட்டினாளாம். என்ன எழுதியிருந்தாள் என்று கேட்டோம். "மை நாத்தத்தைப் பத்தி எழுதியிருக்கா" என்று மட்டும் சொன்னார்.

பதில் வர இன்னும் ஆறு வாரம் ஆகுமாம். இதை எழுதும் மேசைக்கு எதிரே சுவரிலே அந்தப் படம் தொங்குகிறது. அடியிலே பென்சிலால் 2/10 என்றிருக்கிறது. ஒன்றாம் எண் அச்சுக்கூடத்திலே, எந்திரத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறதாம்.