மின்சாரம் வீடு திரும்பும் வழி

"ஆக்ஸிலேட்டரை மிதிச்சா வண்டி இழுக்க மாட்டேங்குது, அதே நேரத்துல ஹெட்லைட்டும் சிமிட்டுது" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால், பெரும்பாலும் அதை இரண்டு புகாராகத்தான் எழுதிக்கொள்வார்கள். பிக்கப் இல்லாததற்கு ஸ்பார்க் பிளக், பெட்ரோல் ஃபில்டர். லைட்டுக்கு பேட்டரி. பில்லும் அதற்கேற்ப நீளும். ஆனால் இரண்டும் சேர்ந்தே வந்து சேர்ந்தே போகின்றன என்பதுதான் இதில் துப்பு. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் வண்டி திணறும். விளக்குக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இன்ஜினுக்கும் விளக்குக்கும் பொதுச் சொத்து மின்சாரம். அந்த மின்சாரம் தன் பயணத்தில் பாதியை ஒயரே இல்லாமல் கடக்கிறது.

ஹெட்லைட்டின் பின்பக்கம் பார்த்தால், பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ், ரிலே எல்லாம் தாண்டி ஒயர் வந்து சேர்வது தெரியும். விளக்கை எரித்துவிட்டு மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். அதற்கான ஒயரோ கொஞ்ச தூரம் போய், பக்கத்துத் தகட்டில் ஒரு போல்ட்டோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் காரின் இரும்பு உடம்புதான் ஒயர். தந்திக்கு இரண்டாவது கம்பி வேண்டாம், மண்ணே மின்சாரத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும் என்று 1838-இல் ஜெர்மனியில் கார்ல் ஆகஸ்ட் ஃபான் ஸ்டைன்ஹைல் காட்டியிருந்தார். கார் செய்தவர்கள் மண்ணின் வேலையை இரும்பிடம் கொடுத்தார்கள். செம்பும் மிச்சம், எடையும் மிச்சம். மெக்கானிக்குகள் இன்றைக்கும் அதை 'பாடி எர்த்' என்றுதான் சொல்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இன்ஜின் பாடியோடு நேரடியாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. அதிர்வு நமக்கு வராமலிருக்க ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், பொறிக்கு வோல்ட் கொடுக்கும் இக்னிஷன் காயில் எல்லாம் இருப்பதோ இன்ஜின் மேல். ஆகவே இன்ஜினையும் பாடியையும் பேட்டரியின் நெகட்டிவையும் இணைக்க ஒன்றிரண்டு கேபிள்களோ, மெல்லிய செம்புக் கம்பிகளைப் பின்னிச் செய்த பட்டையோ போட்டிருப்பார்கள். அதுதான் எர்த் ஸ்ட்ராப். காரில் இதைவிட மலிவான பாகங்கள் குறைவு. இதைவிட அதிகம் அலைக்கழிக்கப்படும் பாகங்களும் குறைவு.

எவ்வளவு அலைக்கழிப்பு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறிய பெட்ரோல் இன்ஜின் ஒன்றின் முறுக்குவிசை 110 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில், கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து அதை ஏறக்குறைய 14 மடங்காக்கிச் சக்கரத்துக்கு அனுப்புகின்றன. சுமார் 1,500 நியூட்டன் மீட்டர். நியூட்டனின் மூன்றாம் விதி சும்மா விடுமா? முன்சக்கரம் இழுக்கும் காரில், சக்கரத்தை முன்னால் முறுக்கும் அதே அளவு விசை இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பின்னால் முறுக்குகிறது. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் 150 கிலோவைத் தொங்கவிட்டது போன்ற முறுக்கு அது. ரப்பர் நசுங்குகிறது, இன்ஜின் சாய்கிறது, எர்த் ஸ்ட்ராப் வளைகிறது. காலை எடுத்ததும் பழைய இடத்துக்கு வருகிறது. வருடக்கணக்கில் இப்படியே நடந்தால் இழைகள் ஒவ்வொன்றாக அறும். கடலோரத்தில் ஓடும் வண்டியென்றால் உப்புக் காற்றும் தன் பங்குக்கு, ஸ்ட்ராப் போல்ட்டில் சேரும் இடத்தில் பச்சையாகவும் செந்துருவாகவும் பூத்துவிடும்.

ஐட்லிங்கில் மிச்ச இழைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு காலம் தள்ளும். அழுத்தி மிதித்ததும் இன்ஜின் சாயும், தொடுப்பு விலகும், அந்தக் கணத்தில் ஆல்டர்னேட்டர் தனித்தீவாகிவிடும். அதுவரை 14 வோல்ட்டை ஒட்டி இருந்த மின்னழுத்தம், பேட்டரி தன்னந்தனியாகத் தாங்கக்கூடிய 12 சொச்சத்துக்கு இறங்கும். இந்தச் சின்ன இறக்கத்தைக் கண் எப்படிக் கண்டுபிடிக்கிறது? இழை விளக்கின் வெளிச்சம் மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்கோடு ஏறி இறங்கும். பல்பில் 13.2 வோல்ட் இருந்தது 12 ஆனால், அழுத்தம் குறைந்தது ஒன்பது சதவீதம்தான். வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் காணாமல் போய்விடும். சாதாரண ஹாலஜன் பல்பு காசில்லாமல் கிடைத்த நல்ல வோல்ட்மீட்டர்.

இன்ஜின் திணறுவதற்கான காரணம் இன்னும் சுவையானது. காற்றின் அழுத்தம் கூடக்கூட அதில் பொறி பாய அதிக வோல்ட் வேண்டும் என்பதை 1889-இல் ஃபிரீட்ரிஷ் பாஷென் அளந்து சொன்னார். ஐட்லிங்கில் சிலிண்டருக்குள் நுழையும் காற்று குறைவு. முழுதாக மிதித்தால் பல மடங்கு காற்று உள்ளே புகுந்து நசுங்குகிறது. 10,000 வோல்ட்டில் வந்த பொறிக்கு இப்போது 20,000-க்கு மேல் தேவை. காயிலுக்கு அதிகப் பலம் வேண்டியது இந்த நேரத்தில்தான். எர்த் கைவிடுவதும் இந்த நேரத்தில்தான். காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பொறி பாயாது, வண்டி மிஸ்ஸிங் அடிக்கும். வோல்டேஜ் குறைந்தால் காயிலுக்கு அதிக நேரம் கொடுத்துச் சரிக்கட்ட இன்ஜின் கம்ப்யூட்டருக்குத் தெரியும்தான். ஆனால் அது பார்ப்பது தன் வாசலுக்கு வரும் வோல்டேஜை. காயிலின் திரும்பும் பாதையில் தொலைவது அதன் கணக்கிலேயே வராது.

சந்தேகத்தை உறுதிசெய்ய முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். நியூட்ரலில் வைத்து மெதுவாக ரேஸ் செய்து பாருங்கள். இன்ஜின் கத்தும், லேசாக அசையும். ஆனால் சக்கரத்துக்கு வேலை இல்லாததால் பெரிதாகச் சாயாது. அப்போதும் விளக்கு சிமிட்டினால் பெல்ட் நழுவுகிறதா, ஆல்டர்னேட்டரின் டயோடோ ரெகுலேட்டரோ போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கியரில் போட்டு இழுக்கும்போது மட்டும் சிமிட்டினால் எர்த் மேல்தான் என் முதல் சந்தேகம்.

பலர் தவறுவது அடுத்த படியில். மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி, இரு முனையிலும் வைத்து, 'ஜீரோ காட்டுது, எர்த் நல்லாத்தான் இருக்கு' என்று மூடிவிடுவார்கள். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் அது தாராளமாகப் போய்விடும். ஒற்றைப் பலகை மிச்சமிருக்கும் மரப்பாலத்தை ஓர் ஆள் நடந்து கடந்துவிட்டால் லாரி போகலாம் என்று சொல்வதைப் போன்றது இது. 30 ஆம்பியர் ஓடும்போது வெறும் 0.05 ஓம் மின்தடையே 1.5 வோல்ட்டைத் தின்றுவிடும். சாதாரண மீட்டரில் 0.05 ஓம் தெரியவே தெரியாது.

ஆகவே சுமையோடுதான் அளக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவின் ஈயக் கம்பத்திலேயே (கிளாம்பில் அல்ல, துரு அங்கேயும் இருக்கும்), மறுமுனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பில் வைத்து, ஹெட்லைட்டும் ப்ளோயரும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. சாயும்போது மட்டும் வரும் கோளாறாக இருந்தால், மீட்டரின் ஒயரை நீட்டி உள்ளே கொண்டுவந்து, வண்டி மேடு ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்தவர் படிக்க வேண்டும். முன்சீட்டில் ஒருவர் "பாயின்ட் ஒண்ணு, பாயின்ட் ஒண்ணு, ஒண்ணு புள்ளி எட்டு!" என்று கத்தினால் நோய் பிடிபட்டுவிட்டது. ஜம்பர் கேபிள் ஒன்றை, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் எட்டாமல், நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்கு மாட்டி ஓட்டியதும் கோளாறு மறைந்தாலும் அதே தீர்ப்புதான்.

எர்த் முழுசாகவே போனாலும் மின்சாரம் சும்மா இருக்காது, வேறு வழி தேடும். கேபிள் வைத்த பழைய கார்களில் செல்ஃப் அடிக்கும்போது கிளட்ச் கேபிளும் ஆக்ஸிலேட்டர் கேபிளும் சூடேறிப் புகைவது இதனால்தான். பிரேக்டவுனுக்கு வந்தவர் கேபிளை மட்டும் மாற்றிவிட்டுப் போனால், புதுக் கேபிளும் கருகும்.

புதிய கார்களில் இந்தத் துப்பு மங்கிக்கொண்டு வருகிறது. எல்ஈடி விளக்குக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட், வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் வெளிச்சத்தைச் சீராகவே வைத்திருக்கும். போதாததற்கு, வேகமெடுக்கும்போது இன்ஜினின் சுமையைக் குறைக்க ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டரே வேண்டுமென்று தளர்த்தும் கார்களும் உண்டு. அங்கே கொஞ்சம் வோல்டேஜ் இறங்குவது கோளாறே அல்ல. அப்படிப்பட்ட வண்டியில் எர்த் கெட்டால் ஸ்கேனரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சென்சார் பிழைக் குறியீடுகள் நாலைந்து வரும். முதல் சென்சாரை வாங்குவதற்கு முன்பே எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியில் இரும்பு பளபளக்கும் வரை சுரண்டி, திரும்ப முடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புத்தாளும் கொஞ்சம் வாசலினும் போதும்.