உஷார்! ராத்திரியில் முளைக்கும் மேடு

உங்கள் தெருவில் புதுசாக ரோடு போட்டிருக்கிறார்களா? ஒரு நாள் சந்தோஷப்படுங்கள். இரண்டாம் நாள் ராத்திரியிலிருந்து உஷாராக இருங்கள்.

எங்கள் தெரு ஆறு வருஷம் பல்லாங்குழியாகக் கிடந்தது. திடீரென்று ஒரு நாள் பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்தார்கள். கருகருவென்று தார் போட்டுவிட்டுப் போனார்கள். குழி இருந்தவரை ஆமை மாதிரி ஊர்ந்த வண்டியெல்லாம் மறுநாளே பறக்க ஆரம்பித்தது. மெயின் ரோட்டு சிக்னலுக்குப் பயந்து உள்ளே புகுகிற கார்கள், சூடு ஆறுவதற்குள் பிரியாணியைச் சேர்க்க வேண்டிய டெலிவரி பையன்கள், ட்ரிப் கணக்கில் ஓடுகிற தண்ணி லாரி. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வாசலில் நிற்கவே பயமாகிவிட்டது.

நலச்சங்கத்தில் கூடிப் பேசினோம். மனு, கையெழுத்து, அலைச்சல் என்று சிலர் இழுத்தார்கள். அதெல்லாம் எதற்கு என்று ஒருவர் ரோடு போட்ட மேஸ்திரியையே பிடித்துவிட்டார். மிச்சமிருந்த தார்க் கலவையை ராத்திரி பதினொரு மணிக்கு மூன்று இடத்தில் கொட்டி, மண்வெட்டியால் தட்டிவிட்டு, டீக்காசு வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் காசில் என் பங்கும் உண்டு.

அடுத்த நாள் சாயங்காலம் ஏழு மணி. கரண்ட் இல்லை. கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் காய்கறிப் பையோடு ஒரு அம்மா வந்தார். எங்கள் தெருக்காரர்தான். வண்டி வேகமாகவும் வரவில்லை. கருப்பு ரோட்டில் கருப்பு மேடு, அதன்மேல் வெள்ளைக் கோடுகூடக் கிடையாது. எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே பிரேக் பிடிப்பார்? தூக்கிப் போட்டதில் அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. முருங்கைக்காய் ரோடெல்லாம் சிதறிக் கிடந்தது. எதிர்வீட்டு மாமி உள்ளே ஓடி, கோலமாவு டப்பாவை எடுத்துவந்து, அந்த மேட்டின்மேல் பட்டை பட்டையாகக் கொட்டினார். அன்று எங்கள் தெருவில் உருப்படியாக யோசித்தவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். உயரம் 17 செ.மீ. அகலம் அரை மீட்டர். நம் ஊரில் ஓடும் பல ஸ்கூட்டர்களின் அடிப்பாகமே தரையிலிருந்து சுமார் 16 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. நாங்கள் கட்டியது வேகத்தடை இல்லை, வரப்பு.

சரியான வேகத்தடைக்கு அளவு உண்டா என்றால், உண்டு. இந்திய சாலைக் காங்கிரஸ் 1988லேயே ஐ.ஆர்.சி. 99 என்ற விதித்தொகுப்பில் எழுதி வைத்திருக்கிறது. 2018ல் அதைத் திருத்தி விரிவாகவும் வெளியிட்டார்கள். மேட்டின் உயரம் 10 செ.மீ. வண்டி போகிற திசையில் அதன் அகலம் 3.7 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு சின்னக் காரின் நீளம். ஏறுவதும் தெரியாமல் இறங்குவதும் தெரியாமல் 17 மீட்டர் ஆரமுள்ள வில்லாக வளைந்திருக்க வேண்டும். கருப்பு வெள்ளைப் பட்டை அடிக்க வேண்டும். 40 மீட்டருக்கு முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை நட வேண்டும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வருகிறவர் அலுங்காமல் கடந்துவிடலாம். அதற்குமேல் முறுக்கினால்தான் உடம்பு குலுங்கும்.

அரை மீட்டர் மேட்டில் நடப்பது நேர்மாறு. மெதுவாக வருகிறவரின் சக்கரம் மொத்தமாக ஏறி மொத்தமாக விழுகிறது. வேகமாக வருகிற பெரிய காருக்கு அதிர்ச்சியை டயரும் ஸ்பிரிங்கும் விழுங்கிக்கொள்கின்றன, டப்பென்று ஒரு சத்தத்தோடு போய்விடுகிறது. யாரைத் தடுக்க நினைத்தோமோ அவர் தப்பிவிடுகிறார். முதுகுவலிக்காரர், கர்ப்பிணி, பின் சீட்டில் குழந்தையை வைத்திருக்கும் அம்மா, 108 ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும் நோயாளி, இவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கிராமத்துப் பக்கம் ரோட்டின் குறுக்கே தாம்புக்கயிறைப் போட்டு வைக்கிறார்களே, அதுவும் இதே கதைதான்.

‘ரெடிமேட்’ ரப்பர் மேடு வாங்கிப் போட்டுவிட்டால் தொல்லையில்லை என்று நினைக்காதீர்கள். நாலு மாதத்தில் நடுத்துண்டு பிய்ந்து போகும். போல்ட்டு மட்டும் ஆணி மாதிரி நிமிர்ந்து நிற்கும். இன்னொரு தொல்லை ஓரத்தில் விடுகிற இடைவெளி. மழைத்தண்ணீர் ஓடுவதற்காக விடுவது அது. அதில் முதலில் ஓடுவது பைக்தான். காலையில் வாக்கிங் போகிற தாத்தா நடப்பதும் அதே ஓரத்தில். இடைவெளியே விடாமல் அடைத்தால், ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி மேடே கண்ணுக்குத் தெரியாது.

அப்படியானால் வண்டிகள் பறக்கட்டும் என்றா சொல்கிறேன்? இல்லவே இல்லை. குடியிருப்புத் தெருக்களில் எந்த வண்டியானாலும் 30 கி.மீ.தான் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரிலேயே அறிவித்துவிட்டது. அந்த எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு பிள்ளை ரோட்டில் குதிக்கிறது என்று வையுங்கள். ஓட்டுகிறவர் சுதாரிக்க ஒரு விநாடியாவது ஆகும். 30ல் வருகிறவர் 13, 14 மீட்டருக்குள் வண்டியை நிறுத்திவிடலாம். 50ல் வருகிறவர் அந்த 14 மீட்டரையும் சுதாரிப்பதற்குள்ளேயே கடந்துவிடுவார். பிரேக்கில் கால் அப்போதுதான் பதியும்.

ஆனால் பலகையில் 30 என்று எழுதினால் யாரும் குறைக்கமாட்டார்கள். ரோடு நேராக, அகலமாக, வழவழப்பாக இருந்தால் கால் தானாக அழுத்தும். அதனால் தெருவின் வடிவத்தில்தான் கை வைக்க வேண்டும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் 1960களின் கடைசியில் தெருக்களை அப்படித்தான் மாற்றினார்கள். நேர்ரோட்டை வளைத்து வளைத்து விட்டார்கள், மரத்தொட்டியும் பெஞ்சும் போட்டார்கள். வண்டிக்காரர் தெருவாசிகளை அனுசரித்துத்தான் ஓட்டியாக வேண்டும் என்றாயிற்று. 1976ல் அது அந்த நாட்டுச் சட்டத்திலேயே ஏறியது.

நம் தெருவிலும் கேட்டு வாங்கக்கூடியவை இருக்கின்றன. முனைகளில் வண்டி சாய்ந்து சீறித் திரும்ப முடியாதபடி நடைபாதையைக் கொஞ்சம் வெளியே இழுத்து வளைவை இறுக்கலாம். பள்ளிக்கூட வாசலில் நடைபாதை உயரத்துக்கே ஒரு மேடைக் கடவை கட்டலாம், பிள்ளைகள் இறங்காமல் கடப்பார்கள், வண்டிதான் ஏறி இறங்கும். பார்க்கிங்கை ஒரு பக்கம் கொஞ்ச தூரம், மறுபக்கம் கொஞ்ச தூரம் என்று மாற்றி மாற்றிக் குறித்தாலே நேர்ரோடு நெளிந்துவிடும். இதற்குப் பெயிண்ட் செலவுதான்.

ஆனால் உங்கள் தெருவுக்கு மட்டும் என்று கேட்காதீர்கள். நாங்கள் மேடு போட்ட மூன்றாம் நாளே கார்கள் பக்கத்துத் தெருவுக்கு மாறிவிட்டன. அந்தத் தெருக்காரர்கள் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். நான்கைந்து தெருவாகச் சேர்ந்து, எந்த வழியாக நுழைகிறார்கள், எங்கே வெளியேறுகிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணி எழுதிக்கொண்டு வார்டு பொறியாளரிடம் போங்கள். போக்குவரத்துப் போலீசுக்கும் ஒரு நகல் கொடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் பதிவுசெய்து புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் பக்கத்திலேயே நிற்கிறது என்பதையும் மறக்காதீர்கள். பொதுவழியில் ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285வது பிரிவில் 5,000 ரூபாய்வரை அபராதம். உயிர் போனால் கவனக்குறைவால் ஏற்பட்ட மரணம் என்று 106வது பிரிவுவரை பேச்சு போகலாம், அதற்கு ஐந்து வருஷம்வரை சிறை. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 198ஏ பிரிவு, விதிப்படி ரோடு போடாததால் யாருக்காவது உயிரோ உறுப்போ போனால் பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர் ஆகியோருக்கு ஒரு லட்சம்வரை அபராதம் என்கிறது. மண்வெட்டியால் தட்டின மேஸ்திரிக்கு இதெல்லாம் தெரியாது. டீக்காசு கொடுத்த எங்களுக்கும்தான் தெரியவில்லை.

எங்கள் மேடுகளில் ஒன்றைப் போன வாரம் பெயர்த்து எடுத்தார்கள். அதோடு புது ரோடும் பெயர்ந்து வந்து, அந்த இடத்தில் இப்போது ஒரு முழ அகலப் பள்ளம். மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன. மாமி தினமும் சாயங்காலம் கோலமாவு போடுகிறார். பக்கத்துத் தெருவில் வெள்ளிக்கிழமை ரோடு போடுகிறார்களாம். அவர்கள் பேசாவிட்டாலும் பரவாயில்லை என்று, டேப்பை அந்தச் சங்கத்துச் செயலாளர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.