மாடிப்படிக்குக் கார்ப்பெட் போடுமுன்

நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. இரவு கல்லாவை எண்ணி முடித்து, ஷட்டரை இறக்கிவிட்டு ஏறுகிற படிகளைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. வீடு கட்டும்போது மொசைக், பாலிஷ் போட்ட கிரானைட் என்று பார்த்துப் பார்த்துப் பதிக்கிறோம். ஈரக்காலோடு இறங்கும்போதுதான் அதன் வழுக்கல் தெரிகிறது. வீட்டில் யாராவது ஒருவர் விழுந்த பிறகு, "படிக்குக் கார்ப்பெட் போட்டுவிடலாம்" என்று முடிவாகிறது.

போடலாம். ஆனால் பிடிப்பில்லாமல் போட்ட கார்ப்பெட் வெறுங்கல்லைவிட ஆபத்தானது. கல் வழுக்கும் என்று தெரிந்திருப்பதால் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்குகிறோம். கார்ப்பெட்டை நம்பி முழுப் பாரத்தையும் வைத்துவிடுகிறோம். இது என் வீட்டிலேயே நடந்தது. இருபுறமும் ஒட்டும் டேப் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஒட்டினேன். ஐந்தாறு மாதம் நன்றாக இருந்தது. ஐப்பசி மழையில் பசை ஈரம் வாங்கி, மேலிருந்து நாலாவது படியில் விளிம்பு தளர்ந்தது. பார்த்தேன், தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்று விட்டுவிட்டேன். என் தாயார் அந்த விரிப்போடு சேர்ந்து மூன்று படி சறுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டு. கூலி மிச்சம் என்று செய்த வேலை அது.

எனவே முதலில் பார்க்க வேண்டியது பிடிப்பு. இறங்கும்போது நம் பாதம் அழுத்துவது படியின் முன் விளிம்பை. அந்த இடத்தில் கார்ப்பெட் ஒரு நூல்கூட நகரக்கூடாது. விளிம்பில் அதை இழுத்துப் பிடிப்பதற்கான இடமோ, மிதியும் அடுத்த படியின் நிற்கும் பக்கமும் சேருகிற உள்மூலை. அங்கே இறுகப் பிடித்திருந்தால் விளிம்பில் தானாக விறைப்பாக நிற்கும்.

மரப்படியாக இருந்தால் வேலை எளிது. கார்ப்பெட் கடைகளில் 'கிரிப்பர்' என்று கேட்டால், ஆணிமுனைகள் சாய்வாகத் துருத்திக்கொண்டிருக்கும் மெல்லிய மரப்பட்டையைத் தருவார்கள். உள்மூலையில் மிதியின் மேல் ஒன்று, நிற்கும் பக்கத்தின் அடியில் ஒன்று என்று ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு. முனைகள் மூலையைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே சிறு சந்து விட்டு, கார்ப்பெட்டை அதற்குள் மழுங்கிய உளியால் அடித்து இறக்கினால் கவ்விக்கொள்ளும்.

நம் வீடுகளில் இருப்பது கான்கிரீட்டும் கல்லும். ஆணி இறங்காது. பலமான பசையால் கிரிப்பரை ஒட்டுகிறவர்கள் உண்டு; தரைத்தளத்தில் ஈரமும் கரையானும் மரப்பட்டையை என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியாததல்ல. என் அனுபவத்தில் நமக்கு ஏற்றது கம்பிதான். ஒவ்வொரு உள்மூலையிலும் ஒரு பித்தளை அல்லது ஸ்டீல் கம்பி, இரு முனையிலும் கிளாம்ப், டிரில் போட்டு பிளக் வைத்துத் திருகாணி. துளையை மூலையையொட்டியே போடச் சொல்லுங்கள். முன் விளிம்பருகே போட்டால் கிரானைட் பிளந்துவிடும். கம்பியைக் கழற்றிக் கார்ப்பெட்டை எடுத்து உதறி வெயிலில் போடலாம் என்பது கூடுதல் லாபம்.

அளவு விஷயத்துக்கு வருவோம். டேப்பை நேராகப் பிடித்து அளந்தால் கணக்குத் தப்பும். ஒரு நூலை உள்மூலையில் வைத்து, மிதி வழியாக விளிம்பைச் சுற்றி, நிற்கும் பக்கத்தின் அடிவரை ஒட்டிக் கொண்டுபோய் அந்த நூலை அளக்க வேண்டும். என் வீட்டில் ஒரு படிக்கு 17½ அங்குலம் வந்தது. 16 படிக்கு 280 அங்குலம். கடைசிப் படியிலிருந்து மாடித்தளத்துக்கு ஏறும் உயரம் 6½. ஆக 286½ அங்குலம், அதாவது ஏறக்குறைய 24 அடி. இதோடு ஒரு அடி கூட்டி 25 அடி. எல்லாப் படியும் ஒரே அளவு என்று நம்பிவிடாதீர்கள். கொத்தனார் கையில் முதல் படியும் கடைசிப் படியும் மாறியிருக்கும். ஒவ்வொன்றையும் அளந்து எழுதுங்கள்.

அந்த ஒரு அடி எதற்கு? விளிம்பில்தான் முதலில் தேயும். உபரியை மேல்முனையில் மடித்து வைத்திருந்தால், சில வருடம் கழித்துக் கம்பிகளைக் கழற்றி மொத்தத்தையும் இரண்டு, மூன்று அங்குலம் கீழே நகர்த்திவிடலாம். தேய்ந்த பாகம் நிற்கும் பக்கத்துக்குப் போய்விடும். விளிம்புக்குப் புதிய இடம் வரும்.

அகலம் 27 அங்குலம் இருந்தால் போதும். 3½ அடிப் படியில் இருபுறமும் ஏழரை அங்குலம் கல் தெரியும், அழகாகவே இருக்கும். பெரிய ரோலில் வெட்டிய துண்டானால் ஓரம் தைத்து வாங்க வேண்டும். தைக்காவிட்டால் இழை பிரிந்து கால்விரலில் மாட்டும். துண்டுப் பீஸ் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், தவறில்லை. ஆனால் இணைப்பு எப்போதும் உள்மூலையில் கம்பிக்கு அடியில் வரவேண்டும், மிதியின் மேல் வரவே கூடாது.

துணி எடுப்பதுபோல இதையும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் சொரசொரப்பாகவும் இருக்கும். வழவழப்பான திசை மேலிருந்து கீழே வரும்படி போடவேண்டும். மாதிரித் துண்டைப் பின்னோக்கி மடித்துப் பாருங்கள். மடிப்பில் அடிநூல் பளிச்சென்று தெரிந்தால் அது படிக்கு உதவாது. முடி குட்டையாகவும் நெருக்கமாகவும் இருப்பதே நல்லது. மெத்தென்று கால் புதைகிற ரகம் கண்ணுக்குத்தான் அழகு. அதில் விளிம்பு எங்கே முடிகிறது என்று வயதானவர்களுக்குத் தெரியாது. அடியில் போடும் மெத்தையும் அப்படியே, மெல்லியதாகவும் கெட்டியாகவும் இருக்கட்டும். தென்னை நார் விரிப்பு உழைக்கும். ஆனால் விளிம்பில் எளிதில் மடிந்து படியாது.

வேலையைக் கீழ்ப்படியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மூலையிலும் இழுத்து இறுக்கிக்கொண்டே மேலே போவது சௌகரியம். திரும்புகிற இடத்தில் விசிறி மாதிரிப் படிகள் இருந்தால் மட்டும் நீங்களே இறங்க வேண்டாம். அங்கே ஒவ்வொரு படிக்கும் தனி மடிப்பு, தனி வெட்டு. பழகிய ஆளைக் கூப்பிடுங்கள்.

மாடியில் சரக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூட்டை ஏறி இறங்கும் படியில் கார்ப்பெட் வேண்டவே வேண்டாம். எண்ணெய் டின் ஒழுகும், வெல்லம் சிந்தும், எறும்பும் எலியும் பின்னாலேயே வரும். தலையில் சுமையோடு இறங்கும் ஆளுக்குக் காலடி தெரியாது. பாதத்தில் கல்லின் விளிம்பு தட்டுப்பட வேண்டும். அந்தப் படிகளுக்கு, விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி மிஷினால் மூன்று கோடு வெட்டச் சொல்லி, விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் அடித்துவிடுங்கள். அரை நாள் வேலை. எங்கள் கடைப் பக்கத்துப் படிக்கு நான் செய்தது இதைத்தான். வீட்டுப்படிக்குக் கம்பி போட்டுவிட்டேன். மழைச்சாரல் அடிக்கிற கீழ் இரண்டு படிகளை மட்டும் வெறுங்கல்லாக விட்டு, அங்கேயும் கோடு வெட்டியிருக்கிறது.