துப்பாக்கியும் தொண்டும்

வருமுன் காப்பதே அறிவுடைமை என்பர் பெரியோர். ஆனால் காக்க வந்தவரைக் கண்டே மக்கள் அஞ்சி ஓடிய காலமும் நம் நாட்டில் உண்டு.

1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் பூனா நகருக்கும் பரவிற்று. 1897 பிப்ரவரியில் ஆங்கில அரசு கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றியது. பூனாவில் ராண்ட் என்ற அதிகாரியின் தலைமையில் 800-க்கும் மேற்பட்ட படைவீரர் வீடுவீடாகச் சோதனையிட்டனர். நோயாளிகளை மருத்துவமனைக்கும், உடனிருந்தோரைத் தனி முகாமுக்கும் அனுப்பினர்.

நோயாளியைப் பிரித்து வைத்தல் தேவையே. ஆனால் நடந்த முறை யாது? பூசையறையிலும் அடுப்பங்கரையிலும் வீரர்கள் நுழைந்தனர். வீட்டுப் பொருள்கள் தீக்கிரையாயின. பெண்களின் மானம் மதிக்கப்படவில்லை என்று மக்கள் குமுறினர். பெண்கல்விக்கு உழைத்த பண்டித ரமாபாய், பிளேக் மருத்துவமனையில் பெண்களுக்குப் பாதுகாப்பில்லை என்று பத்திரிகைக்குத் துணிந்து எழுதினார்.

விளைவு என்ன? மக்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தனர்; பலர் ஊரைவிட்டு ஓடினர். 1897 ஜூன் 22 இரவு ராண்ட் சுடப்பட்டு, சில நாள்களில் இறந்தார். சாபேகர் சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். அடக்குமுறை நோயை விரட்டவில்லை, பகையையே வளர்த்தது.

2020-இல் கொரோனா பரவியபோது அதே 1897-ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் கைக்கொள்ளப்பட்டது. ஆனால் இம்முறை நம் படையினரின் பணி வேறாக இருந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் கொழும்பிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் தவித்த நம்மவரை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 700 பேராக, நம் அண்டை மாவட்டமான தூத்துக்குடியில் கொண்டுவந்து சேர்த்தது.

ஊரடங்கின் தொடக்கத்தில் சிவகாசிப் பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆலைகளும் மூடிக் கிடந்தன. அன்றாடக் கூலியை நம்பிய குடும்பங்கள் வருந்தின. சாலையில் காவலர் நின்றனர். ஆயினும் வீட்டுக்கொரு காவலரை நிறுத்த எந்த அரசால் இயலும்? தக்க காரணம் சொல்லி, பசித்தோர்க்கு உணவும் தந்தால்தான் மக்கள் மனமுவந்து கட்டுப்படுவர்.

இதை நம் பட்டாசுத் தொழிலாளர் நன்கறிவர். மருந்து அறைக்குள் அவர்கள் தீப்பெட்டி கொண்டு செல்லாதது அதிகாரிக்கு அஞ்சி மட்டுமன்று. பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் உயிரும் தம் கையில் இருக்கிறது என்பதால்தான்.

தோழியரே! துப்பாக்கி கதவைத் திறக்கலாம். மனத்தைத் திறப்பது அன்பும் மதிப்புமே. நாளை நம்முள் சிலர் மருத்துவராகலாம், செவிலியராகலாம், படையிலும் சேரலாம். பிறர் வீட்டு வாசலில் நிற்கும் நாளில் பூனாவை நினைவில் கொள்வோமாக!