யானைமலை (மதுரை)

யானைமலை, மதுரை நகருக்கு வடகிழக்கே, மேலூர் செல்லும் சாலையில் ஒத்தக்கடையை ஒட்டி அமைந்துள்ள பாறைக்குன்று. தொலைவிலிருந்து பார்த்தால் துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் யானையைப் போலத் தெரியும். கல்வெட்டுகளிலும் தேவாரத்திலும் 'ஆனைமலை' என வழங்கும் இக்குன்றைக் கோவை மாவட்டத்து ஆனைமலையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

பாறையும் நீரும்

மக்கள் இதைக் கருங்கல் மலை என்பார்கள். மதுரை வட்டாரத்துக் குன்றுகள் கிரானைட்டாலும், கிரானைட்டை ஒத்த நைஸ் என்னும் உருமாறிய பாறையாலும் ஆனவை. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. மேலே இருந்த பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துச் செல்லப்பட்டபோது இவை வெளியே வந்தன. சுற்றியிருந்த பகுதி தேய்ந்து சமவெளியானது. விரிசல் குறைந்த உறுதியான பகுதி மட்டும் தனிக்குன்றாக நின்றுவிட்டது.

மேலிருந்த பாரம் நீங்கியதும் பாறை சற்றே விரியும். அப்போது மேற்பரப்புக்கு இணையாக விரிசல்கள் விழுந்து, வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரியும். யானையின் வழுவழுப்பான முதுகு இப்படி வந்ததே. கீழ் அடுக்கு உதிர்ந்து மேல் அடுக்கு தொங்கும் இடங்களில் இயற்கைக் குகைத்தளங்கள் உண்டாகின்றன. பாறையில் மழைநீர் இறங்குவதில்லை. வழிந்து அடிவாரத்துக் குளங்களுக்கும் கண்மாய்களுக்கும் வருகிறது. சுற்றியுள்ள சிற்றூர்கள் மலையைத் தங்கள் உடைமையாகக் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

துறவிகள்

அத்தகைய குகைத்தளம் ஒன்றில் சமணத் துறவியருக்கான கற்படுக்கைகள் உள்ளன. அங்குள்ள தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு சுமார் 2000 ஆண்டுப் பழமையானது. அது இம்மலையை 'இவகுன்றம்' என்கிறது. 'இபம்' என்றால் யானை. ஆக, நாம் இன்று காணும் அதே யானையை அன்றைய மக்களும் கண்டிருக்கிறார்கள்! வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி வரிசைப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மலையின் மற்றொரு பகுதியில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை ஆகியோரின் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. இவை கி.பி. 9–10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அச்சணந்தி என்னும் துறவியின் பெயர் இங்கும் பொறிக்கப்பட்டுள்ளது. சில உருவங்களில் சுதையும் வண்ணமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பார்க்கச் செல்வோர் அவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது.

திருவிளையாடற் புராணத்தின் 'யானை எய்த படலம்' வேறு கதை சொல்கிறது. சமணர் வேள்வியில் தோற்றுவித்து மதுரை மீது ஏவிய யானையைச் சோமசுந்தரர் நரசிங்கக் கணையால் வீழ்த்த, அது மலையானது என்பது அக்கதை. சைவ–சமணப் பூசல் இதில் தெளிவாகத் தெரிகிறது.

குடைவரைகள்

நரசிங்கம் என்னும் ஊரில் யோக நரசிம்மர் குடைவரை உள்ளது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சரான மாறன் காரி இதைக் குடைவித்தார். இங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கலியாண்டு 3871 எனக் குறிக்கிறது, அதாவது கி.பி. 770. பாண்டியர் காலக் கணிப்புக்கு இந்த ஒரே எண் பேருதவி செய்துள்ளது. குடமுழுக்குக்கு முன்பே மாறன் காரி இறந்துவிட, அவருடைய தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எழுப்பிப் பணியை நிறைவு செய்தார். அண்ணன் தொடங்கியதைத் தம்பி முடித்த செய்தியைக் கல்வெட்டே சொல்கிறது. வட்டெழுத்தும் கிரந்தமும் ஒரே இடத்தில் இருப்பதால் எழுத்து வரலாறு படிக்கும் மாணவர்க்கும் இது நல்ல பாடம்.

அருகிலுள்ள இன்னொரு குடைவரை 'லாடன் கோயில்'. இதில் முருகனும் தெய்வயானையும் அமர்ந்த கோலத்தில் உள்ளனர்.

அண்மைக் காலம்

மேலூர் வட்டாரத்தில் கிரானைட் வெட்டியெடுப்பால் பல குன்றுகள் உருவிழந்தன. முறைகேடுகளை விசாரிக்க 2014இல் சென்னை உயர்நீதிமன்றம் உ. சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 2010 வாக்கில், யானைமலையைச் செதுக்கிச் 'சிற்ப நகரம்' ஆக்கும் யோசனை எழுந்தது. நரசிங்கம் உள்ளிட்ட அடிவாரத்து ஊர்மக்கள் அதை எதிர்த்துப் போராடினர். சிற்பமும் கல்வெட்டும் ஏற்கெனவே உள்ள மலையில் புதிதாகச் சிற்பம் செதுக்கப் புறப்பட்டது வியப்புக்குரியதுதான். எதிர்ப்புக்குப் பின் அத்திட்டம் கைவிடப்பட்டது.