ஐயாயிரம் நண்பர்களும் ஐந்து வாசகர்களும்

முகநூலில் தனிநபர் கணக்கு ஒன்றுக்கு 5,000 நண்பர்கள் வரைதான் அனுமதி. முதல் புத்தகம் வந்த கையோடு பலரும் அந்த எண்ணைத் தொட்டுவிடும் ஆசையில், கண்ணில் பட்டவருக்கெல்லாம் நட்பழைப்பு விடுகிறார்கள். தொட்டும் விடுகிறார்கள். அட்டைப்படத்தைப் போட்டதும் விருப்பக்குறிகள் குவிகின்றன, ‘வாழ்த்துகள் தோழர்’ வரிசை கட்டுகிறது. ஆறு மாதம் கழித்துப் பதிப்பாளரிடம் எத்தனை பிரதி போயிற்று என்று கேட்டால், அவர் பேச்சை மாற்றுகிறார்.

வாழ்த்தியவர்களில் பாதிப் பேர் தாமும் எழுதுகிறவர்கள். நாளை தங்கள் அட்டைப்படத்துக்கு உங்கள் வாழ்த்து வந்தாக வேண்டும் என்பதற்காக இன்று வந்து போகிறார்கள். இது மொய்க் கணக்கு. மொய் எழுதியவர் புத்தகத்தையும் வாங்குவார் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

எழுதுகிறவருக்கு உண்மையில் தேவைப்படும் ஆட்கள் மிகக் குறைவு. கைப்பிரதியைப் படித்துவிட்டு ‘நடுவில் தொய்கிறது’ என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒருவர். உங்கள் பெயரைப் பார்த்தால் கதையைத் திறந்து படிக்கிற இரண்டு மூன்று இதழாசிரியர்கள். நேர்மையாகக் கணக்குச் சொல்லும் ஒரு பதிப்பாளர். வேறு ஊரில் ஒரு கூட்டம் நடந்தால் உங்கள் புத்தகத்தைப் பற்றிப் பேசக்கூடிய சில வாசகர்கள். எல்லாம் சேர்ந்து இருபது பேர் தேறினாலே பெரிது. அந்த இருபது பேரைக் கண்டடைவதற்குத்தான் சமூக ஊடகம்.

இந்தத் தேடல் புதிதல்ல. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் கடிதங்களில் பேசிக்கொண்டே இருந்தார்கள். இன்று சுமையும் தபால்தலையும் மிச்சம். மற்ற வேலையெல்லாம் அப்படியே இருக்கிறது.

இணையத்தில் அந்த வேலையைச் செய்து காட்டியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜெயமோகன். அவர் கருத்துகளோடு சண்டை போடுகிறவர்களும் இதை மறுக்க மாட்டார்கள். 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலை வரை ‘வெண்முரசு’ நாவல் வரிசையை நாளுக்கு ஓர் அத்தியாயமாகத் தன் இணையதளத்தில் எழுதினார். மொத்தம் 26 நாவல்கள். அந்த உழைப்பு எல்லோருக்கும் கூடி வருவதில்லை. ஆனால் கூடவே அவர் செய்த இன்னொன்று நம்மாலும் ஆகும். வாசகர் எழுதிய கடிதத்தை, எழுதியவர் பெயரோடு, தன் பதிலோடு வெளியிட்டார். கடிதம் எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறிந்தார்கள், பிறகு நேரில் சந்தித்தார்கள். அப்படித் திரண்ட விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010 முதல் மூத்த படைப்பாளிகளுக்கு விருதும் கொடுத்து வருகிறது. ஒரு பக்கக் கடிதத்துக்கு இருக்கிற வலு ஆயிரம் விருப்பக்குறிக்கு இல்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆகவே முதல் வேலை, உங்கள் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்துவது. அடுத்தவர் புத்தகத்தைப் பற்றி எழுதுங்கள். பெரிய பெயர்களை விடுங்கள், அவர்களைப் பாராட்ட ஊரே இருக்கிறது. முதல் தொகுப்பு போட்டுவிட்டு ஒரு குரலும் வராமல் காத்திருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். இருநூறு சொல் போதும். மனதில் நின்ற ஒரு காட்சி, அது ஏன் நின்றது, ஒத்துக்கொள்ள முடியாத ஓர் இடம். எழுதியவரையும் பதிப்பகத்தையும் மட்டும் டேக் செய்யுங்கள். அவர் அதை நிச்சயம் படிப்பார், பத்திரப்படுத்தியும் வைப்பார். வாரம் ஒன்று என்று ஒரு வருடம் செய்தால், உங்கள் ரசனை இன்னதென்று தெரிந்த ஒரு வட்டம் தானாக உருவாகியிருக்கும். பின்னூட்டமும் அப்படித்தான். ‘அருமை’ என்றால் நீங்கள் படிக்கவில்லை என்று பொருள். எந்தப் பத்தி என்று சொன்னால் படித்தீர்கள் என்று தெரியும்.

அடுத்தது உள்பெட்டி. ‘ஹாய் சார்’, மறுநாள் ‘சாப்டாச்சா சார்’, அதற்கும் மறுநாள் 180 பக்க பிடிஎஃப். இதற்குப் பதில் வராது. நட்பில் இல்லாதவர் அனுப்புவது தனிக் கோரிக்கைப் பெட்டியில் போய் விழுவதால், அதை அவர் மாதக்கணக்கில் திறக்காமலேயும் இருக்கலாம். எழுதினால் ஒரே செய்தியில் முடியுங்கள்: ‘வணக்கம். போன இதழில் வந்த உங்கள் கட்டுரையில் அந்தக் கிணற்றுப் பகுதி மறக்க முடியாதது. நான் சிறுகதை எழுதுகிறேன். ஆறு பக்கக் கதை ஒன்று இருக்கிறது, படிக்க நேரம் இருக்குமா? இல்லையென்றாலும் பரவாயில்லை.’ கேட்காமல் இணைப்பை அனுப்பாதீர்கள். முதல் செய்தியிலேயே அணிந்துரை கேட்பது அதைவிட மோசம்.

ஐம்பது பேரை டேக் செய்வதும், கேட்காமல் வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பதும் ஒரே ரகம். முதலில் வரும் எரிச்சல், பிறகு உங்களை மியூட் செய்ய வைக்கும். வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் என்று ஒன்று உண்டு. உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அதிலிருந்து செய்தி போகும். எத்தனை பேர் அப்படி வைத்திருக்கிறார்கள் என்பதே உங்கள் நிலவரத்தைச் சொல்லிவிடும்.

எல்லாத் தளத்திலும் இருக்க வேண்டியதில்லை. தமிழில் கதை, நாவல், விமர்சனப் பேச்செல்லாம் இன்னும் முகநூலில்தான் அதிகம். கவிதையும் இளம் வாசகர்களும் என்றால் இன்ஸ்டாகிராம். அங்கே பதிவுக்கடியில் போடும் இணைப்பைத் தட்டினால் திறக்காது, உங்கள் அறிமுகக் குறிப்பில்தான் வைக்க வேண்டும். எக்ஸ் தளத்தில் அரசியல் கூச்சல் போக மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். முழுக்கதையையும் முகநூலில் போட்டுவிட்டால், ‘வேறெங்கும் வெளிவராத படைப்பு’ கேட்கிற இதழ்களும் போட்டிகளும் அதை ஏற்காது. ஒரு பத்தி போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இன்னொன்று, ‘உங்கள் எழுத்தைப் பார்த்தோம், விருதுக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள்’ என்று வரும் செய்தி. மூன்றாவது வரியில் பதிவுக் கட்டணம் இருக்கும். புத்தகம் போடுகிறேன் என்று வருகிறவரிடம் எத்தனை பிரதி, ராயல்டி எவ்வளவு, எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். சாக்கு சொன்னால் விட்டுவிடுங்கள்.

திரையில் பழகியவர்களை நேரில் பார்க்கவும் ஒரு நாள் வரும். புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சி 1977இலிருந்து நடக்கிறது. பொங்கலை ஒட்டி இரண்டு வாரத்துக்குத் தமிழில் எழுதுகிறவர் பாதிப் பேரை அங்கே பார்க்கலாம். உங்கள் புத்தகம் அப்போது வருவதாக இருந்தால், மார்கழியில் முகநூலுக்கு வராதீர்கள். அந்த மாதம் எல்லோர் சுவரிலும் அட்டைப்படம்தான், யாரும் யாரையும் படிக்க மாட்டார்கள். ஆடியிலேயே வந்து, அடுத்தவர் புத்தகத்தைப் பற்றி எழுதத் தொடங்குங்கள்.